அறிவித்த நேரமும் ஆரம்பித்த நேரமும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அறிவித்த நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தித் தொடங்கிவிட்டாலும், பத்து நிமிஷம் பிந்தித் தொடங்கினாலும், நிலையத்தாரின் அசிரத்தை என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அசிரத்தையும் சில சமயங்களில் காரணமாக இருக்கக்கூடும். ஆயினும், பத்திரிகையில் அச்சாகிற ‘இரவு 8 மணி’ என்ற குறிப்புக்கும், நம் வீட்டுத் திரையில் அந்த நிகழ்ச்சியின் முதல் காட்சி தோன்றுகிற கணத்துக்கும் இடையே எத்தனை யந்திரங்கள், எத்தனை கடிகாரங்கள், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆகாயவெளி, எத்தனை மனிதர்களின் தீர்மானங்கள் குறுக்கிடுகின்றன என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், இந்தச் சிறு குறைக்குள் விஞ்ஞானமும் வியாபாரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது விளங்கும். குறையை நீக்கும் உபாயமும் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதைக் கையாளும் மனம் எல்லோரிடமும் ஏற்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நேரம் பற்றிய இந்தச் சிக்கலுக்கு மிகவும் பெயர்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் 1968ஆம் வருஷம் நவம்பர் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஓக்லண்டு நகரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியும் ஓக்லண்டு ரெய்டர்ஸ் அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை என்.பி.சி. நிறுவனம் நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. கிழக்குப் பகுதி நேரப்படி மாலை 4 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் எப்படியும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கிட்டு, ஸ்விட்சர்லாந்தின் மலைச்சாரலில் தாத்தாவோடு வாழும் ஓர் அநாதைச் சிறுமியின் கதையாகிய ‘ஹெய்டி’ என்ற படத்தை 7 மணிக்கு வைத்திருந்தார்கள். அந்தப் படத்துக்கு உரிய இரண்டு மணி நேரத்தையும் விலை கொடுத்து வாங்கியிருந்த விளம்பரதாரர், பொருத்தம் என்றுதான் சொல்லவேண்டும், டைமெக்ஸ் என்னும் கைக்கடிகாரக் கம்பெனியார். ஆட்டம் முடிய இன்னும் 65 விநாடிகள் இருக்க, ஜெட்ஸ் அணி 32 புள்ளிகளும் ரெய்டர்ஸ் அணி 29 புள்ளிகளும் எடுத்திருந்த நிலையில் மணி ஏழு அடித்தது. நாட்டின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் இருந்த லட்சக்கணக்கான திரைகளிலிருந்து மைதானம் மறைந்து ஆல்ப்ஸ் மலை தோன்றியது. மறைந்த அந்த மைதானத்தில் ரெய்டர்ஸ் அணியினர் ஒன்பது விநாடி இடைவெளியில் இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தாண்டி, 43க்கு 32 என்ற கணக்கில் ஆட்டத்தையே வென்றுவிட்டார்கள்.

நிறுவனத்தின் மேலதிகாரிகள் ஆட்டத்தைத் தொடர்ந்து காட்டும்படி கடைசி நிமிஷங்களில் தீர்மானித்திருந்தார்கள் என்பதும், அந்த உத்தரவு ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறையை எட்டவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தன. ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சியவர்களும், குழந்தைகள் காத்திருக்கிறார்களே, படம் நேரத்துக்கு வருமா என்று விசாரித்தவர்களும் ஒரே சமயத்தில் கூப்பிட்டதனால் தொலைபேசி இணைப்புகள் யாவும் அடைபட்டுப்போக, அதிகாரிகளின் குரல் நுழைய வழியில்லாது போயிற்று. பின்னர் நிறுவனத்தார் கட்டுப்பாட்டு அறைக்கென்று தனியாக ஒரு தொலைபேசியை அமைத்தார்கள். அதற்கு ‘ஹெய்டி தொலைபேசி’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அன்றைய தவறு தாமதத்தால் நேர்ந்ததல்ல, விநாடி பிசகாத நேரந்தவறாமையால் நேர்ந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடிகாரத்தை மட்டுமே நம்பும் எந்த ஏற்பாடும், எதை எப்போது காட்டவேண்டும் என்ற செய்தி உரிய இடத்துக்கு உரிய சமயத்தில் போய்ச் சேராவிட்டால், இப்படித்தான் முடியும்.

நேரடி நிகழ்ச்சிகளின் நீளத்தை முன்கூட்டி நிர்ணயிக்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த நிச்சயமின்மை ஒருபக்கமாகச் சாய்ந்தது என்பது அவ்வளவாக உணரப்படுவதில்லை. மூன்று மணி நேரம் என்று மதிப்பிட்ட ஆட்டம் இரண்டே முக்கால் மணியில் முடிவது உண்டு. ஒரு மணியில் முடிவது அரிது. நீள்வதற்கோ எல்லையே கிடையாது. 2010ஆம் வருஷம் ஜூன் மாதம் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹ்யூவும் ஆடிய ஆட்டம் மூன்று நாட்களில் மொத்தம் 11 மணி 5 நிமிஷம் நடந்து, கடைசிப் பகுதி 70க்கு 68 என்ற கணக்கில் முடிந்தது. 1985ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிக் கடைசிக் கறுப்புப் பந்தில் தீர்மானமானபோது 1 கோடியே 85 லட்சம் ஜனங்கள் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையின் முன் விழித்திருந்தார்கள். ஆட்டந்தான் என்றில்லை, ஜெர்மனியில் இசட்.டி.எஃப். நிலையம் சனிக்கிழமை இரவுகளில் நடத்திவந்த ‘வெட்டன், தஸ்’ என்ற கேளிக்கை நிகழ்ச்சி, நடத்துபவர் பேச்சில் ஆழ்ந்துவிடுவதாலும் விருந்தினர் கலகலப்பினாலும், குறித்த நேரத்தைக் கடந்து நீள்வதற்கே பேர்போனது. சராசரியை வைத்து நிரல் தயாரிப்பவர் இந்த ஒருபக்கச் சாய்வினால் முந்துவதைவிடப் பிந்துவதையே அடிக்கடி சந்திக்கிறார். மழை வந்து கிரிக்கெட் ஆட்டம் பாதியில் நின்றுபோகும் நாட்களிலோ, கைவசம் வைத்திருக்கும் பழைய பதிவுகளைக் கொண்டு இடைவெளியை நிரப்பவேண்டியிருக்கிறது. 1975ஆம் வருஷம் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் பழைய நேயர்கள் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அறிவிப்பை மறந்திருக்கமாட்டார்கள். அந்த அட்டை திரையில் நின்ற நிமிஷங்கள் ஒவ்வொன்றும் அடுத்து வரவேண்டிய நிகழ்ச்சியைத் தள்ளிவைத்த நிமிஷங்களே.

முன்கூட்டியே பதிவுசெய்து, நீளத்தை அளந்து வைத்திருக்கும் நிகழ்ச்சிகளாவது துல்லியமாக நடக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அளப்பதிலேயே ஒரு விந்தை இருக்கிறது. தொலைக்காட்சிப் படம் அசைவது போலத் தோன்றினாலும், அது விநாடிக்கு இத்தனை என்ற கணக்கில் அடுத்தடுத்து வரும் நிலைப்படங்களின் வரிசையே ஆகையால், பதிவுப் பொறியாளர் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை. படங்களை எண்ணி அளக்கிறார். அமெரிக்கக் கறுப்பு வெள்ளை முறையில் விநாடிக்குச் சரியாக 30 படங்கள். 1953ஆம் வருஷம் வர்ணத் தொலைக்காட்சி முறை அங்கீகரிக்கப்பட்டபோது, வர்ணத்தைத் தாங்கிவரும் அலையும் ஒலியைத் தாங்கிவரும் அலையும் ஒன்றோடொன்று உராய்ந்து பழைய பெட்டிகளின் திரையில் புள்ளிக் கோலங்கள் தோன்றாமல் இருப்பதற்காக, படங்களின் வேகத்தை 1001க்கு 1000 என்ற விகிதத்தில், அதாவது சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு, குறைத்தார்கள். விநாடிக்கு 30 என்பது 29.97 ஆயிற்று. கண்ணுக்கு இது புலப்படாது, கணக்குக்குப் புலப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குரிய 1,08,000 படங்களை எண்ணி முடிக்கையில் சுவர்க் கடிகாரம் 3.6 விநாடி முன்னால் போயிருக்கும். ஒரு நாள் முழுவதும் இப்படியே ஓடினால் 86 விநாடிக்கு மேல் பிந்திவிடும். ஒவ்வொரு நிமிஷத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ணுவது, பத்தாவது நிமிஷங்களில் மட்டும் தாண்டாமல் விடுவது என்ற விதியால் இதைச் சரிசெய்தார்கள். மணிக்கு 108 எண்கள் இவ்வாறு விடுபடுகின்றன. விடுபடுவது எண்களே தவிரப் படங்கள் அல்ல. ஒரு காட்சியும் குறையாமல் கணக்கு மட்டும் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது. இந்த விதியை மறந்து நீளம் குறிக்கப்பட்ட பதிவொன்று நிரலில் நுழைந்துவிட்டால், மாலை முழுவதும் சிறிது சிறிதாகப் பிந்தும்.

இந்தியாவும் ஐரோப்பாவின் பல நாடுகளும் கைக்கொண்ட பால் முறையில் விநாடிக்கு 25 படங்கள். சினிமாப் படமோ விநாடிக்கு 24 என்ற வேகத்தில் எடுக்கப்படுவது. இரண்டையும் பொருத்துவதற்கு எளிய வழியாகச் சினிமாவையே சிறிது வேகமாக ஓட்டிவிடுவது வழக்கமாயிற்று. இதனால், திரையரங்கில் 150 நிமிஷம் ஓடிய படம் தொலைக்காட்சியில் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாடகரின் குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். கூர்மையான சங்கீத ஞானம் உள்ளவர்கள் இந்த வேறுபாட்டைக் காதாலேயே கண்டுகொள்வார்கள். நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவர் திரையரங்கின் கணக்கை நம்பியிருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆறு நிமிஷம் முன்பே அவர் கை வெறுமையாகிவிடும்.

இனி, நிலையத்தைவிட்டுப் புறப்பட்ட படம் நம்மிடம் வந்து சேரும் பிரயாணம். தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்கு வானொலி அலை வருவதற்கு ஒரு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அந்தக் காலத்தில் திரையில் காட்டிய கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். செயற்கைக் கோள் பூமியின் மத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. அங்கே ஏறி இறங்குவதற்கு ஒளியின் வேகத்திலும் கால் விநாடி போல ஆகிறது. இதுவும் அற்பமே. உண்மையான தாமதம் டிஜிட்டல் முறையில் படத்தைச் சுருக்கும் இடத்தில்தான் நேர்கிறது. ஒவ்வொரு படத்தையும் முழுமையாக அனுப்பாமல், முந்திய படத்தினின்றும் பிந்திய படத்தினின்றும் அது எவ்விதம் மாறுபடுகிறது என்பதை மட்டும் குறித்தனுப்புவது சுருக்கும் யந்திரத்தின் உத்தி. பிந்திய படத்தோடு ஒப்பிடவேண்டுமானால் அந்தப் படம் முதலில் வந்தாகவேண்டும் அல்லவா? வருங்காலத்தைச் சிறிது பார்த்த பிறகே நிகழ்காலத்தை எழுத முடியும் என்பதனால் யந்திரம் படங்களைத் தேக்கிவைத்துக் காத்திருக்கிறது. வீட்டிலுள்ள பெட்டியும் அவற்றைக் கிரமப்படுத்தத் தேக்கிவைத்துக்கொள்கிறது. இவ்விரு தேக்கங்களும் சேர்ந்து சில விநாடிகள் ஆகிவிடுகின்றன. இணையத்தின் வழியாக வரும் நேரடி ஒளிபரப்பில் இது மேலும் பெருகும். அங்கே காட்சி ஆறு விநாடி, பத்து விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, மூன்று துண்டுகளாவது கையில் சேர்ந்த பிறகே திரையில் ஓடத் தொடங்குவது வழக்கமாகையால், அரை நிமிஷத் தாமதம் சர்வசாதாரணம். அடுத்த வீட்டில் ஆரவாரம் கேட்ட பிறகு நம் திரையில் விக்கெட் விழுவதன் காரணம் இதுவே.

இந்த விநாடிகளையெல்லாம் அளப்பதற்கு நாம் கையாளும் வீட்டுக் கடிகாரமும் குற்றமற்றதன்று. விநாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் மாதத்துக்கு 50 விநாடிக்கு மேல் வேறுபட்டுவிடும். ஒரு வருஷம் திருத்தாமல் விட்டால் பத்து நிமிஷம். மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரங்களுக்கு வேறு விதமான ஆபத்து உண்டு. 2018ஆம் வருஷம் ஜனவரி மத்தியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையில், செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே மின்சாரப் பொறுப்புப் பற்றி எழுந்த தகராறினால் ஐரோப்பிய மின்வலையின் துடிப்பு விநாடிக்கு 50 என்பதிலிருந்து மிகமிகச் சிறிதளவு, சராசரியாக 49.996க்கு, இறங்கிவிட, அந்த வலையைச் சேர்ந்த நாடுகளில் சமையலடுப்புக் கடிகாரங்களும் படுக்கையறைக் கடிகாரங்களும் ஆறு நிமிஷம் பிந்திப்போயின. அப்படிப்பட்ட கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, அந்த மார்ச் மாதத்தில் நாட்டின் நிகழ்ச்சிகள் யாவும் ஆறு நிமிஷம் முந்தித் தொடங்குவதாகவே தோன்றியிருக்கும்.

நேரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவையெல்லாம் பெரிய நஷ்டமல்ல, அவர் காத்திருப்பார். பதிவு யந்திரத்திடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனவர்தாம் நஷ்டப்படுகிறவர். யந்திரம் காத்திருக்க அறியாது. சொன்ன நேரத்துக்கு விழித்து, சொன்ன நேரத்துக்கு உறங்கிவிடும். துப்பறியும் கதையின் முதல் ஐம்பது நிமிஷத்தைச் சேமித்துவிட்டு, குற்றவாளி யாரென்று வெளிப்படும் ஐந்து நிமிஷத்தை விட்டுவிடும். யந்திரத்துக்கு நேரத்தைச் சொல்லும் தொல்லையைக் குறைக்க எண்ணிய அமெரிக்கர் ஹென்றி யுவென் என்பவர், தாம் பதிவுசெய்ய விரும்பிய பேஸ்பால் ஆட்டம் தவறிப்போனதில் யோசனை பிறந்து, தேதி, அலைவரிசை, தொடக்கம், நீளம் ஆகிய நான்கையும் சில இலக்கங்களுக்குள் அடக்கும் முறையொன்றை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1990 முதல் பல நாடுகளின் பத்திரிகைகள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அருகில் அந்த எண்ணை அச்சிடலாயின. மிகவும் சௌகரியமான முறைதான். ஆனால் அது கொண்டுவந்தது அறிவித்த நேரத்தை மட்டுமே. அறிவித்த நேரம் பொய்த்தால் அந்தப் பொய்யையும் அது விசுவாசத்தோடு நிறைவேற்றும்.

அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1985இல், ஜெர்மனியின் ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற இரு பொதுநல ஒளிபரப்பு நிறுவனங்களும் பெர்லினில் நடந்த வானொலிப் பொருட்காட்சியை ஒட்டி அறிமுகம் செய்த வி.பி.எஸ். என்னும் முறையோ, பிரச்னையின் வேரையே பிடித்தது என்பது என் அபிப்பிராயம். பழைய தொலைக்காட்சிக் குழாயில் எலெக்ட்ரான் கற்றை ஒரு முறை திரையை மேலிருந்து கீழாக வரைந்து முடித்த பிறகு, மறுபடி வரைவதற்கு உச்சிக்குத் திரும்ப வேண்டும், அதற்கென்று 1.6 மில்லி விநாடி, அதாவது 25 வரிகளுக்குரிய காலம், படம் ஏதுமின்றி விடப்பட்டிருந்தது. விநாடிக்கு 50 முறை வரும் இந்தக் காலி இடத்தைத்தான் பி.பி.சி. 1974 முதல் எழுத்துச் செய்திகளை அனுப்பப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஜெர்மானியர் அதே இடத்தில் பதினாறாம் வரியை எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியின் அடையாளத்தை அதில் இடைவிடாமல் அனுப்பினார்கள். அந்த அடையாளம் என்ன? நிகழ்ச்சி முதலில் எந்த நாளில், எந்த மாதத்தில், எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு என்று அறிவிக்கப்பட்டதோ, அந்த நான்கு எண்களே. நிகழ்ச்சி உண்மையில் எப்போது ஒளிபரப்பானாலும் அடையாளம் மாறுவதில்லை. 8.15க்கு அறிவித்தது 9 மணிக்கு வந்தாலும் 8.15 என்ற அடையாளத்தோடேயே வரும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் பிந்தி வந்தாலும் அதற்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றுதானே பெயர்? பதிவு யந்திரம் கடிகாரத்தைப் பாராமல் பதினாறாம் வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும், தான் எதிர்பார்க்கும் அடையாளம் தோன்றியதும் ஓடத் தொடங்கும், மறைந்ததும் நிற்கும். நேரத்தை நேரமாக நோக்காமல் பெயராக நோக்கிய இந்த ஒரு மாற்றத்தால், முந்துவதும் பிந்துவதும் பொருளற்றுப்போயின.

இந்த அடையாளத்தை எழுதியிருக்கும் விதத்தில் ஒரு சிக்கனம் இருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. நாளுக்கு 5 பிட், மாதத்துக்கு 4, மணிக்கு 5, நிமிஷத்துக்கு 6, ஆக மொத்தம் 20 பிட்டுகள். நான்கு பிட்டுகளில் 15 வரையிலும் எண்ணலாம். மாதமோ 12 வரைதான். ஐந்து பிட்டுகளில் 31 வரை எண்ணலாம். மணியோ 23 வரைதான். எந்தப் பஞ்சாங்கத்திலும் எந்தக் கடிகாரத்திலும் இடம்பெறாத இந்த மிச்ச எண்களை வீணாக்காமல் யந்திரத்துக்கு ஆணைகளாகப் பயன்படுத்தினார்கள். பதினைந்தாம் மாதம், பூஜ்யம் தேதி, 31 மணி 63 நிமிஷம் என்று ஒரு நேரம் வந்தால், ‘இன்று அடையாளங்களை நம்பாதே, உன் கடிகாரத்தையே பார்த்துக்கொள்’ என்று பொருள். 30 மணியானால், ‘இதைப் பதிவு செய்யாதே’ என்றும், 29 மணியானால், ‘இடைவேளை, நிறுத்திவைத்துக் காத்திரு’ என்றும் பொருள். ஜெர்மன் பத்திரிகைகள், நிகழ்ச்சியின் அடையாள நேரம் அச்சிட்ட தொடக்க நேரத்தோடு மாறுபடும் இடங்களில், அதனைப் பக்கத்திலேயே குறித்துக் காட்டின. ஆஸ்திரியாவும் ஸ்விட்சர்லாந்தும் இம்முறையை மேற்கொண்டன. பிரிட்டனில் எழுத்துச் செய்திப் பக்கங்களோடு அனுப்பப்படும் இதே மாதிரியான முறையொன்று பின்னர் வந்தது.

டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் இதற்கெல்லாம் விஸ்தாரமான வசதி ஏற்பட்டது. ஐரோப்பியத் தரத்தில் படத்தோடும் ஒலியோடும் சேர்ந்து அட்டவணைகளும் பாய்ந்து வருகின்றன. இப்போது நடக்கும் நிகழ்ச்சி எது, அடுத்தது எது என்று சொல்லும் அட்டவணை இரண்டு விநாடிக்கு ஒரு முறையாவது திரும்பத் திரும்ப வரவேண்டும் என்பது விதி. நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லையா, சில விநாடிகளில் தொடங்கப்போகிறதா, நடக்கிறதா, இடையில் நின்றிருக்கிறதா என்று நிலைமையைக் குறிப்பதற்கும் அதில் தனி இடம் உண்டு. வி.பி.எஸ். முறையின் அதே 20 பிட் அடையாளத்தை அப்படியே அனுப்பவும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் ஃப்ரீவியூ தரைவழி ஒளிபரப்பில், பதிவுப் பெட்டிகள் ‘அடுத்தது’ என்ற இடத்திலிருந்து ‘இப்போது’ என்ற இடத்துக்கு ஒரு நிகழ்ச்சி மாறும் கணத்தைக் கவனித்தே பதிவைத் தொடங்கி முடிக்கின்றன. பெட்டியின் கடிகாரத்தைத் திருத்தும் மணியும் இந்த ஓட்டத்திலேயே வருகிறபடியால் வீட்டுக் கடிகாரத்தின் குற்றமும் தீர்ந்தது. தேதியை எண்ணுவதற்கு 1858ஆம் வருஷம் நவம்பர் 17ஆம் தேதி முதல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையை 16 பிட்டுகளில் எழுதுகிறார்கள். வானசாஸ்திரிகளிடமிருந்து எடுத்துக்கொண்ட இந்தக் கணக்கு 2038ஆம் வருஷம் ஏப்ரல் 22ஆம் தேதியோடு அந்த 16 பிட்டுகளுக்குள் அடங்காமல் போய்விடும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வசதி இருந்தும் அது சரிவர நிரப்பப்படாத இடங்களில் பழைய குறை தொடர்ந்து நிலவுகிறது. அட்டவணை தானாக மாறிவிடாது. கட்டுப்பாட்டு அறையில் படத்தை மாற்றும் யந்திரமே அட்டவணையையும் அதே கணத்தில் மாற்றும்படி இரண்டையும் இணைத்து வைக்க வேண்டும். அவ்வாறு இணைக்காமல், காலையில் தயாரித்த நிரலைக் கடிகாரப்படி அனுப்பிக்கொண்டிருந்தால், யந்திரங்களுக்கு வந்துசேருவது மின்னலைகளில் எழுதப்பட்ட அதே பழைய பத்திரிகைக் குறிப்புதான். ஜெர்மனியில் பொதுநல நிலையங்கள் காட்டிய சிரத்தையைத் தனியார் நிலையங்களில் காண முடியாமற் போனதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. இடைவேளையில் காத்திருக்கச் சொல்லும் அடையாளம், விளம்பரம் தொடங்குகிற கணத்தையும் முடிகிற கணத்தையும் யந்திரத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும். விளம்பரத்தாலேயே ஜீவிக்கிற ஒரு ஸ்தாபனம் அதைத் தன் கையாலேயே அனுப்புவதற்குத் தயங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் உண்மையாகச் சொல்லிவிட்டு இடைவேளையைப் பற்றி மௌனமாக இருந்துவிட எந்தத் தடையும் இல்லை. அந்த அளவுக்காவது நேயருக்கு அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

நான் மனமார ஆட்சேபிப்பது வேண்டுமென்றே நேரத்தைப் பிறழச் செய்யும் வழக்கத்தை. 1981இல் அமெரிக்கரான டெட் டர்னர் தம் அலைவரிசையின் நிகழ்ச்சிகளை மணிக்கு ஐந்து நிமிஷம் தள்ளியே தொடங்கும்படி அமைத்தார். நிகழ்ச்சி முடியும்போது மற்ற அலைவரிசைகளில் எல்லாம் அடுத்த நிகழ்ச்சி தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். எழுந்து போக நினைத்தவர் அங்கேயே தங்கிவிடுவார். பத்திரிகை நிரலிலும் அந்நிகழ்ச்சிகளுக்குத் தனி வரி கிடைத்தது. அவராவது ஐந்து நிமிஷத்தை வெளிப்படையாக அறிவித்தார். அவர் மீது எனக்குப் பெரிய குறையில்லை. ஜப்பானில் 7 மணி நிகழ்ச்சியைச் சில நிமிஷங்கள் முன்பே தொடங்கி, மற்றவர்களின் நேயர்களை முந்திக்கொள்ளும் போட்டி வெகுநாளாக நடந்துவருகிறது. 2001ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் என்.பி.சி., எதிர் நிலையத்தின் ‘சர்வைவர்’ நிகழ்ச்சிக்குப் போட்டியாக, வழக்கமாக அரைமணி நேரம் நடக்கும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை 40 நிமிஷமாக நீட்டியது. இப்படி ஒரு நிகழ்ச்சியின் வால் மற்றொன்றின் தலைமீது ஏறும்போது, ஒரே சமயத்தில் ஒரு அலைவரிசையை மட்டும் பதிவு செய்யவல்ல யந்திரம் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுத்தான் ஆகவேண்டும். ஆட்டம் நீள்வது ஒருவர் இஷ்டத்தால் நடப்பதல்ல. கட்டுப்பாட்டு அறையில் படமும் அட்டவணையும் பிரிந்து போவது கவனக்குறைவால் நடப்பது. இதுவோ நேயரின் சௌகரியத்தை அறிந்தே பலியிடுவது.

பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு நடைமுறையில் பயன்படும் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெட்டி கடிகாரத்தைப் பார்த்துப் பதிவு செய்வதானால், தொடக்கத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிஷமும், முடிவுக்குப் பின் பத்து நிமிஷமும் கூட்டிவையுங்கள். நேரடி ஆட்டமானால் பின்னால் ஒரு மணி நேரம் கூட அதிகமல்ல. இயன்றால் அதே அலைவரிசையின் அடுத்த நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு செய்யச் சொல்வது உசிதம், ஏனெனில் ஆட்டம் நீண்டால் நீளும் பகுதி அந்த நிகழ்ச்சியின் நேரத்தில்தான் விழும். பெட்டி அடையாளத்தைப் பார்த்துப் பதிவு செய்வதானால், இந்தக் கூட்டல் உதவாதது மட்டுமன்றிக் கெடுதலும் செய்யலாம். கூட்டிய நிமிஷங்களைக் கண்டதும் சில பெட்டிகள் அடையாளத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்துக்கே திரும்பிவிடுகின்றன, அடுத்தடுத்து வைத்த இரண்டு பதிவுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவும் கூடும். எந்த முறை என்பது பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். இல்லையென்றால், நேரடி ஆட்டத்துக்குப் பின்னால் வரும் ஏதாவது ஒரு சாதாரண நிகழ்ச்சியைப் பதிவுக்கு வைத்துப் பாருங்கள். ஆட்டம் நீண்ட நாளிலும் அந்த நிகழ்ச்சி தலைப்பிலிருந்து கடைசிப் பெயர் வரை முழுமையாகக் கிடைத்திருந்தால், உங்கள் நிலையத்தார் அட்டவணையை ஒழுங்காக அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.